இனி யாரும் தொடாத பொருள்

எங்கள் குடியிருப்பில் போன தடவை கைவேலைப் பொருட்களை மாற்றிக்கொண்டபோது, ஒருத்தி மகளின் பெயின்ட் டப்பாவைக் கொடுத்துவிட்டு நூல்கண்டு வாங்கிப் போனாள். மறுநாளே வந்து டப்பாவைத் திருப்பிக் கேட்டுக் குடியிருப்பையே இரண்டாக்கிவிட்டாள். அதனால் இந்த முறை நானே விதி எழுதினேன். வாசிக்கும்போது எனக்கு எழுத்து கண்ணில் ஆடியதால் என் கணவர்தான் எல்லோருக்கும் வாசித்தார். கண்ணாடி மாற்றினால் போதும் என்று கண் டாக்டர் சொன்னதாக அவர்தான் என்னிடம் சொல்லியிருந்தார்.

"வீட்டுல இனிமே யாரும் தொடப்போறதில்லைன்னு நிச்சயமாத் தெரிஞ்ச பொருளை மட்டும் கொடுங்க. கொடுத்ததைத் திருப்பிக் கேட்கக் கூடாது."

"உங்க வீட்டுக்கும் இதேதானா?" என்று என்னைக் கேட்டாள் மாடிவீட்டுக்காரி.

"எங்க வீட்டுக்கு மட்டும் தனிச் சட்டமா? எல்லாருக்கும் ஒண்ணுதான்."

கொஞ்ச நேரத்தில் பார்த்தால், மேஜைமேல் என் எம்பிராய்டரி பெட்டி! பட்டுநூல், மெல்லிய ஊசிகள், நேற்று நான் பாதி போட்ட பூ எல்லாம் அதற்குள். பக்கத்தில் என் கணவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யாரைக் கேட்டு எடுத்துட்டு வந்தீங்க? விதியைப் படிச்சதே நீங்கதானே?"

"படிச்சேன்மா. அதான் கொண்டு வந்தேன்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டிக்குப் பதிலாக எடுத்த கம்பளி நூலும், விரல் பருமனில் இரண்டு பின்னல் ஊசிகளும் அவர் கையில் இருந்தன.

"கம்பளியா? எனக்குப் பின்னவே தெரியாதே!"

"இப்பவே கத்துக்கோ. கை பழகிட்டா, பார்க்காமலே பின்னலாமாம்."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"இந்தப் பெட்டியை நான் எடுத்துக்கலாமா?" என்று மாடிவீட்டுக்காரி என்னிடம் வந்து நின்றாள்.

"எடுத்துக்கோம்மா. ஒரு நிமிஷம் இரு, நிறமெல்லாம் ஒரு தடவை பார்த்துக்கறேன்."