மச்சான் கை

தூத்துக்குடியில் சங்கு குளிக்கப் போகிறவனின் கயிற்றை அவன் மனைவியின் உடன்பிறந்தவன்தான் பிடிப்பான். தங்கை விதவையாவதை எந்த அண்ணன் பொறுப்பான் என்ற நம்பிக்கை. கயிறு இழுக்க இயந்திரம் வந்த பிறகும் அந்த வழக்கத்தை யாரும் விடவில்லை. மச்சானின் உள்ளங்கை பட்டால்தான் இயந்திரம் சுழலும்.

எஃகுக் கயிறு வெடுக்வெடுக்கென்று துடித்தது. கீழே கடலடியில் தஸ்நேவிசுக்கு மூச்சு முட்டியது. படகிலிருந்த அவன் மச்சான் கஸ்பார் பதறிப்போய் இயந்திரத்தில் கையை வைத்தான்.

“மன்னிக்கவும். நீங்கள் இப்போது இவருடைய மச்சான் இல்லை” என்றது இயந்திரம்.

அவன் கடலில் இறங்கிய பிறகு தங்கையின் விவாகரத்துத் தீர்ப்பு வந்துவிட்டது. கஸ்பார் இயந்திரத்தை எட்டி உதைத்தான். கயிறு மறுபடி துடித்தது, இந்த முறை மெலிதாக. தங்கையை ஃபோனில் கூப்பிட்டான்.

“மர்சலின், தீர்ப்பு வேண்டாம்னு இப்பவே கோர்ட்டுக்குச் சொல்லு! அவன் அடியில கெடக்கான். மெசினு இழுக்க மாட்டேங்கு!”

 அவள் புருஷனின் அடி தாங்காமல் ஓடிவந்து, ஒற்றை ஆளாக வழக்கு நடத்தியவள்.

“அண்ணே, மறுபடியும் அவனுக்குப் பொண்டாட்டியா இருக்கச் சொல்லுதியா?”

கஸ்பார் கயிற்றைத் தொட்டுப் பார்த்தான். அது துடிப்பதை நிறுத்தியிருந்தது.

“சரி, சொல்லுதேன்” என்றாள்.

சற்றைக்கெல்லாம் தீர்ப்பு ரத்தாகி, இயந்திரம் அவன் கையை ஏற்றுக்கொண்டு சுழன்றது. தஸ்நேவிஸ் மேலே வந்து விழுந்தான். தண்ணீரைக் கக்கி, நெஞ்சு வெடிக்க இருமினான்.

ஃபோன் இன்னும் இணைப்பில்தான் இருந்தது. அந்த இருமல் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

“உசுரோட இருக்கானா?”

“இருக்கான்மா.”

“அப்ப நாளைக்கே கூப்பிட வந்துருவான். நான் துணிமணிய எடுத்து வைக்கேன்.”