இரண்டு கிலோ கோலி

கொதிநீரிலிருந்து கோலிகளை அரிகரண்டியால் அள்ளி வெள்ளைத் துணியில் பரப்பினாள்.

பச்சை, நீலம், நடுவே பூ வைத்தது.

காரைக்காலிலிருந்து அம்மா அனுப்பியவை. "இந்த வயசுல கோலி ஆடப் போறியாடி?" என்று போனில் கேட்டுவிட்டு, இரண்டு கிலோ வாங்கி அனுப்பிவிட்டாள்.

நிலவறையில் ஒரே ஒரு பீப்பாய்.

மற்ற வருடங்களில் பன்னிரண்டு இருக்கும். பிரான்சில், பர்கண்டியின் அந்தச் சரிவில் அவள் புருஷன் பஸ்காலின் குடும்பம் மூன்று தலைமுறையாக வெள்ளை ஒயின் செய்கிறது. ரசாயன மருந்தைக் கொடிப்பக்கம் கொண்டுபோனதே இல்லை. போன கோடையில் விடாத மழை. இலையில் ஏறிய பூஞ்சை பிஞ்சுக்கு இறங்கியது. ஒரே ஒரு தடவை மருந்தடி என்று அவனிடம் கெஞ்சினாள். சண்டை போட்டாள். எட்டு நாள் பேசவில்லை.

அவன் மருந்தடிக்கவில்லை. தப்பிய பழம் ஒரு பீப்பாய்க்குத்தான் வந்தது.

டிசம்பரில் ருசி பார்த்தாள். எலுமிச்சை, மழையில் நனைந்த கல், கடைசியில் லேசாக உப்பு. அந்த வீட்டில் இப்படி ஒன்றை அவள் குடித்ததே இல்லை. அவன் பிடிவாதத்துக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டாள். வாய்விட்டுச் சொல்லத்தான் வரவில்லை.

பீப்பாய் மரம் வாரா வாரம் கொஞ்சம் குடித்துவிடும். குறைந்த இடத்தில் காற்று தங்கினால் மொத்தமும் காடியாகிவிடும். இட்டு நிரப்ப, சொந்த ஒயின் ஒரு சொட்டு மிச்சமில்லை.

காலையில் பக்கத்துத் தோட்டத்து ழெரார் ஒரு குடுவை கொண்டுவந்து வைத்தார். நல்ல மனிதர். நல்ல ஒயின்தான். மருந்தடித்த கொடி.

பஸ்கால் அதை வெகுநேரம் பார்த்தான். பிறகு, அவளிடம் கற்ற காரைக்கால் தமிழில், "நீயே ஊத்திடு. என்னால முடியாது" என்றான். கத்தரியை எடுத்துக்கொண்டு கொடிகளைக் கவாத்து செய்யப் போய்விட்டான்.

அவன் தோற்று அவள் பார்த்ததில்லை. பார்க்கவும் பிடிக்கவில்லை.

துணியை மூட்டையாகக் கட்டித் தூக்கிக்கொண்டு நிலவறைக்கு இறங்கினாள். பீப்பாய் வாயை அடைத்திருந்த மரத்தக்கையைப் பிடுங்கினாள். கோலிகளை ஒவ்வொன்றாகப் போட்டாள். ஒயின் விரல்கடை விரல்கடையாக மேலே வந்தது.

வாய்க்குச் சற்றுக் கீழே நிறுத்தினாள்.

ழெராரின் ஒயின் மீன் சட்டிக்குப் போயிற்று.

மாலையில் அவன் வந்தான். மேசையில் காலிக் குடுவை. முகத்தைத் திருப்பிக்கொண்டு வெகுநேரம் கை கழுவினான்.

அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்துக் கீழே இழுத்துப் போனாள். ஈர உள்ளங்கையில் ஒரு கோலியை வைத்தாள். பச்சை.

அவனுக்குப் புரியவில்லை. பீப்பாய் வாயைக் காட்டினாள்.

போட்டான்.

மரத்தில் விழும் சத்தம் இல்லை. கண்ணாடிமேல் கண்ணாடி.

அவன் குனிந்து பீப்பாயில் காதை வைத்தான்.

காதை எடுக்காமலே, அடுத்த கோலிக்குக் கை நீட்டினான்.