குடிதானே, பரவாயில்ல

பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் பெண்ணின் அப்பா தள்ளாடிக்கொண்டு வந்து நின்றார். பிராந்தி மணம் அவருக்கு முன்னாலேயே வந்துவிட்டது.

"வாங்க, இரிங்க" என்று கைகூப்பப் போனவர், நிலை தவறிச் சுவரில் சாய்ந்தார். மனைவி செசிலி ஓடிவந்து தாங்கி, நாற்காலியில் உட்காரவைத்தாள்.

செசிலியின் அண்ணன் வில்பிரடுக்கு முகம் கறுத்தது. இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்ததே அவர்தான். குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு காதோரம் கேட்டார்.

"மச்சான், இன்னைக்கு ஒரு நாளு பொறுக்க முடியல்லியா?"

முப்பது வருஷம் வள்ளத்தில் கடலுக்குப் போன மத்தியாஸ், பள்ளிக்கூடப் பையன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

பெபிஷா தேநீர் கொண்டுவந்தாள். சென்னையில் டீச்சர் வேலை. எட்டு மாதத்துக்குப் பிறகு அன்று காலையில்தான் இராஜாக்கமங்கலத்தில் வந்து இறங்கியிருந்தாள். அப்பா குடித்து அவள் பார்த்ததே கிடையாது. அவர் வாங்கிய கிளாஸ் கையில் நிற்காமல் கீழே விழுந்து உடைந்தது. பெபிஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா ரெஜினாள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது எழுந்து போய்விடுவாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

"எப்பவும் உண்டா, இல்ல இன்னைக்குத்தானா?" என்றாள்.

"இப்பம் கொஞ்ச நாளாத்தான். நிறுத்திருவாரு அக்கா" என்றாள் செசிலி.

ரெஜினாள் சிரித்துவிட்டாள்.

"எனக்க வீட்டுக்காரரு மட்டும் என்ன? ஞாயித்துக்கிழம பூச முடிஞ்சதும் நேரா கடைக்குப் போறவருதான்."

பக்கத்தில் இருந்த அவள் கணவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"குடிதானே, பரவாயில்ல. ஒடம்புக்கு நோவு ஒண்ணும் இல்லல்லா? அதத்தான் கேக்கணும். எனக்க மவன் ஸ்மைலினுக்குத் திருவனந்தபுரத்துல நரம்பு ஆராய்ச்சியிலயாக்கும் வேல. அவன் சொல்லுகதக் கேட்டா ஒறக்கம் வராது. நம்மளக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே நம்ம நரம்ப வேத்தாளுண்ணு நெனச்சு அரிச்சுத் திங்குமாம். நல்லாயிருந்த ஆளுக்கு ஒண்ணு ரெண்டு மாசத்துல சட்ட பட்டன் போட முடியாமப் போயிருமாம். அதுக்குப் புதுசா ஒரு மருந்து குடுத்துப் பாக்காவ. பாவப்பட்ட மக்க. அவியளுக்காக நான் தெனமும் செபமால சொல்லுகேன்."

குரலைத் தாழ்த்தினாள்.

"ஆனா அப்படிப்பட்ட வீட்டுல பொண்ணு எடுக்க முடியுமா, சொல்லுங்க?"

"அம்மா, அது பரம்பரையா வாற நோயில்ல. ஒட்டுகதும் இல்ல" என்றான் ஸ்மைலின்.

"நீ சும்மா இரி. ஒனக்க ஆராய்ச்சிய ஆஸ்பத்திரியோட வச்சுக்க."

பெபிஷாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள் ரெஜினாள்.

"எனக்குச் சம்மதம். நீ என்னலே சொல்லுக?" என்று மகனைப் பார்த்தாள்.

"எனக்கும் சம்மதம்தான்" என்றான் ஸ்மைலின். பெபிஷாவும் தலையாட்டினாள்.

சம்மதமானால்தான் பெண் வீட்டில் கை நனைப்பது. இலை போட்டார்கள்.

சாப்பாடு முடிந்ததும் மத்தியாஸ் சுவரைப் பிடித்தபடி பின்பக்கக் குழாயடிக்குப் போனார். ஸ்மைலினும் பின்னாலேயே போனான். மத்தியாஸின் விரல்கள் குழாயைத் திருக முடியாமல் வழுக்கிக்கொண்டிருந்தன. அவன் திறந்துவிட்டான்.

"மாமா, சட்டையிலதான் பிராந்தி மணக்குது. வாயில ஒண்ணும் மணக்கல்ல."

மத்தியாஸின் கை தண்ணீருக்கடியில் அப்படியே நின்றது.

"மாசத்துக்கு ஒரு செவ்வாக்கிழம நீங்க அந்தப் புது மருந்துக்கு வாறப்பம் ஒங்க கையில கரன்ட் வச்சு நரம்பு டெஸ்ட் எடுக்கது நான்தான். மாஸ்க் போட்டிருக்கதுனால ஒங்களுக்கு எனக்க மொகம் தெரியாது. ஒவ்வொரு தடவையும் குடி உண்டாண்ணு கேட்டு எழுதணும். ஒரு சொட்டு தொட்டதில்ல மக்களேண்ணு சொல்லுவிய."

மத்தியாஸ் வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"நோவுண்ணு சொன்னா எழும்பிப் போயிருப்பாவ மக்களே. குடிண்ணா மன்னிச்சிருவாவ. சட்டையில அரைக்குப்பிய ஊத்துனது செசிலிதான்."

"அம்மா பேசுகதக் கேட்டுட்டுத்தான் நானும் வாயத் தொறக்கல்ல. ஆனா பெபிஷாகிட்ட இன்னைக்கே சொல்லிரணும் மாமா. அது அழுதுட்டிருக்கு."

"எல்லாம் தெரிஞ்சிட்டுத்தானா வந்திய?"

"பொண்ணு போட்டோவோட ஒங்க பேரும் ஊரும் வந்துச்சுல்லா. தெரிஞ்சுதான் வந்தேன்."

மத்தியாஸுக்குக் கண் நிறைந்தது. துடைக்கக் கை உயரவில்லை.

"இன்னைக்கில்லண்ணா நாளைக்கு ஒங்க அம்மைக்குத் தெரிய வராதா மக்களே?"

ஸ்மைலின் துண்டை எடுத்து அவர் கைகளை விரல் விரலாகத் துடைத்துவிட்டான்.

"போன டெஸ்ட்டுல நரம்பு தேறியிருக்கு மாமா. இப்படியே போனா கல்யாணத்துக்குள்ள நேரா நடந்திருவிய. மருமவ வந்த ராசி, சம்பந்தி குடியையே விட்டுட்டாருண்ணு எங்க அம்மாதான் ஊரெல்லாம் சொல்லிட்டு நடப்பா."