எக்ஸ்பிரஸ் வராத நாள்

"இன்னிக்கு வேலைநிறுத்தமாம்ப்பா. எக்ஸ்பிரஸ் வரமாட்டாங்க!"

போனில் வந்த செய்தியைப் படித்த மகளுக்கு எரிச்சல் தலைக்கேறியது.

எக்ஸ்பிரஸ் என்பது அப்பா வைத்த பெயர். சமூக சேவை மையத்திலிருந்து தினமும் காலையில் ஒரு மணி நேரம் வந்து, அவரைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, மாத்திரை கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போகிற பெண். பக்கவாதத்தில் அப்பாவுக்கு இடப்பக்கம் விழுந்துபோன இந்த இரண்டு வருடமாக, மகள் நிம்மதியாக வேலைக்குப் போய்வருவதே அவளால்தான்.

"எதுக்காம்?"

அப்பா ஒவ்வொரு வார்த்தையாகப் பொறுக்கியெடுத்துத்தான் பேச முடியும்.

"ஒரு வீட்லேர்ந்து இன்னொரு வீட்டுக்குப் போற நேரத்துக்கும் சேர்த்துச் சம்பளம் வேணுமாம். ரோட்டுல நடக்கறதுக்கெல்லாம் யாராவது காசு கொடுப்பாங்களா?"

"நீ ஆபீஸ் வேலையா... பேங்குக்குப் போவியே. அந்த நேரத்துக்குச் சம்பளத்தை... வெட்டறாங்களா?"

"அது வேறப்பா!"

எப்படி வேறு என்று அவளுக்குச் சட்டென்று சொல்ல வரவில்லை. அதனாலேயே குரல் இன்னும் உயர்ந்தது.

"கேக்கட்டும், வேண்டாங்கல. அதுக்காக, எழுந்து உக்காரக்கூட முடியாதவங்களை அம்போன்னு விட்டுடறதா? கொஞ்சமாவது ஈவு இரக்கம் வேண்டாம்?"



ஒன்பது மணிக்கு ஆபீசில் தணிக்கைக்காரர்கள் வந்துவிடுவார்கள். லீவு என்று வாயைத் திறந்தால் மேனேஜர் கடித்துக் குதறிவிடுவார். ரொட்டியைப் பாலில் நனைத்து அப்பாவுக்கு ஊட்டிவிட்டு, போனை அவர் வலது கைப்பக்கம் வைத்தாள்.

"பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்கப்பா. மதியத்துக்குள்ள ஓடி வந்துடறேன்."

சொன்னபடி, தலைவலி என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் பதினொரு மணிக்கே வந்து கதவைத் திறந்தாள்.

கட்டில் காலி. சக்கர நாற்காலியையும் காணோம்.

அப்பாவின் நம்பரை அழுத்தினாள். எடுத்ததும் ஒரே கூச்சல், கோஷம்.

"அப்பா! எங்க இருக்கீங்க?"

"மையத்து... வாசல்ல."

அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

அவளுக்குப் புரிந்துவிட்டது. கூட்டம் சேர்க்க ஆள் போதவில்லை போல! கை கால் விளங்காத மனிதரை எக்ஸ்பிரஸ் இழுத்துக்கொண்டு போய் வெயிலில் உட்கார வைத்திருக்கிறாள். கிடைத்த வண்டியில் ஏறினாள். என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்று வழி முழுக்க மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

மையத்து வாசலில் நாற்பது ஐம்பது பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில், யாரோ பிடித்த குடையின் கீழ், மாப்பிள்ளை மாதிரி அப்பா. மடியில் ஓர் அட்டை: 'நடக்கும் நேரமும் வேலை நேரமே!'

முகம் பளிச்சென்று இருந்தது. சவரம் செய்து, தலை வாரி, சலவைச் சட்டை போட்டிருந்தார்.

"யாருப்பா உங்களை இங்க கொண்டு வந்தது?"

"எக்ஸ்பிரஸ்தான்."

"நினைச்சேன்! எங்க அவ? இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்."

குடை பிடித்திருந்த பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்பா வலது கையை உயர்த்தி அவளைத் தடுத்தார். இதைத் தானே சொல்லவேண்டும் என்று அவருக்கு அவ்வளவு ஆசை.

"நீ போன கொஞ்ச நேரத்துல... வந்துட்டா. எப்பவும்போல குளிப்பாட்டினா."

"வந்தாங்களா?"

"இன்னிக்கு உனக்குச் சம்பளமே கிடையாதே, போய் உன் ஆளுங்களோட உக்காருன்னேன். கேக்கல. இன்னும் அஞ்சு வீடு இருக்கு, அவங்கல்லாம் ஈரத்துணியோட கிடப்பாங்களேன்னு... அழறா."

மகள் தரையில் உட்கார்ந்திருந்த பெண்களை ஒருமுறை பார்த்தாள். எக்ஸ்பிரஸ் அங்கே இல்லை.

"இப்ப மூணாவது வீட்டுல இருப்பா. அவளுக்கு வேலைநிறுத்தம் பண்ணவே தெரியலம்மா" என்று கோணிய வாயோடு சிரித்தார் அப்பா. "அதான், என்னைக் கொண்டுபோய் அங்க விடுன்னு சொல்லி... அவளுக்குப் பதிலா நான் பண்ணிக்கிட்டிருக்கேன்!"