எந்தத் தொடர்

டப்பிங் வசனம் எழுதும் வேலைக்கான நேர்காணல். இதுவும் கிடைக்காவிட்டால் ஊருக்குத் திரும்பிக் கல்யாணம்தான். போட்டி போடும் இரண்டு விண்வெளித் தொடர்களில் எது நல்ல கதை என்று கேட்டார் முதலாளி.

"ஒண்ணுல பொறக்கும்போதே ரத்தத்துல சக்தி வந்துடுது சார். இன்னொண்ணுல பரீட்சை எழுதிக் கப்பல் ஏறுறாங்க. எனக்கு அதுதான் கதை."

அவர் சிரித்தார். "பரீட்சையில என்னம்மா கதை? தொலைஞ்சுபோன இளவரசன்னு சொல்லிப் பாரு, ஜனம் விசிலடிக்கும்."

"எங்க வீட்ல பட்டம் வாங்குன முதல் ஆள் நான். ரிசல்ட் வந்தன்னிக்குத் தெருவே விசிலடிச்சுது சார்."

அவர் என் விண்ணப்பத்தைப் புரட்டினார். "அப்பா என்ன பண்றாரு?"

"இதை எந்தத் தொடர்லேர்ந்து சார் கேக்கறீங்க?"

பேனா மூடியைத் திறந்தார், மூடினார். போகலாம் என்று சொல்லவில்லை. நானும் எழவில்லை.