குலுக்கலில் விழுந்த பெயர்

வருடாந்திர சைக்கிள் பயணத்துக்கான குலுக்கலில் மகனுக்கு இடம் கிடைத்துவிட்டதாக மெயில் வந்திருந்தது. அப்பா அதை இரண்டு முறை படித்துவிட்டு, பயணத்தை நடத்துபவர்களின் அலுவலகத்துக்குப் போன் செய்தார்.

"இந்த இடம் வேண்டாம்மா. வேற யாருக்காவது குடுத்துடுங்க."

"சார், அறுபதாயிரம் பேர் கேட்டு அஞ்சாயிரம் பேருக்குத்தான் கிடைச்சிருக்கு. இதுக்காக ஒவ்வொருத்தரும் தலைகீழா நிக்கிறாங்க," என்றாள் அங்கிருந்த பெண். "உங்க பையன் ஏழு வருஷமா விடாம விண்ணப்பிச்சிருக்காரே?"

"முதல் வருஷம்தான் அவன் போட்டான். அப்புறம் நான்தான் போடறேன்."

"அப்போ சந்தோஷப்பட வேண்டியதுதானே?"

"எப்பவும்போல, கிடைக்கலைன்னு ஒரு மெயில் அனுப்ப முடியுமா?"

"அது எதுக்கு சார்?"

எதிரே பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை. கத்தி மட்டும் நின்றிருந்தது.

"அதுல அவன் பேரைப் போட்டு, 'வருந்துகிறோம், அடுத்த வருடம் சந்திப்போம்'னு எழுதுவீங்க. அவங்கம்மா அதை பிரிண்ட் எடுத்து வச்சுக்குவா."

அந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை.

"அவன் தவறிப்போய் ஆறு வருஷம் ஆச்சும்மா," என்றார் அப்பா. "அவனுக்கு அடுத்த வருஷம்னு ஒண்ணு இருக்குன்னு சொல்றது நீங்க மட்டும்தான்."