குழாய்க்கு ஆரத்தி

கொம்பையாவின் முதல் அடியிலேயே என்ஜினியர் செல்வினுக்குக் கீழ்ப்பல் ஒன்று உடைந்துவிட்டது. நான்கு மாதமாகத் தெருவைத் தோண்டிப் போட்டவன் இன்றைக்கும் தண்ணீர் விட மாட்டேன் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? வால்வுத் தொட்டியைச் சுற்றி நின்ற ஆண்களெல்லாம் ஆளுக்கொரு மிதி மிதித்தார்கள்.

"தெருக்கோடியில குழாய் வாயை வெறும் மூடி போட்டுத்தான் அடைச்சிருக்கு. கான்கிரீட் முட்டு இன்னும் கொடுக்கல. இப்பத் தொறந்தா மூடி தெறிச்சு ஆளைக் கொன்னுரும்" என்று செல்வின் ரத்தத்தோடு துப்பிச் சொன்னான்.

"நாலு மாசமா இதே கததானவே சொல்லுதீரு?" கொம்பையா அவன் கையை மிதித்து, ஆளுயர வால்வுச் சாவியைப் பிடுங்கினான்.

அப்போதுதான் தெருக்கோடியிலிருந்து குலவைச் சத்தம் எழுந்தது. புதுத் தண்ணீர் வந்தால் அந்த ஊரில் குழாய்க்கு ஆரத்தி எடுப்பார்கள். கொம்பையாவின் மனைவி பேச்சி காலையிலேயே பள்ளத்தில் இறங்கி அந்த மூடிக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்ததைச் செல்வின் பார்த்திருந்தான்.

"யோவ், ஒம்ம பொண்டாட்டி மூடிக்கு நேர நிக்காய்யா!"

"எம் பொண்டாட்டிய ஏம்ல இழுக்க?" மிதி இந்த முறை வாயிலேயே விழுந்தது.

சாவி சுற்றியது. மண்ணுக்குள் தண்ணீர் உறுமிக்கொண்டு ஓடுவது தரையில் கிடந்த செல்வினின் கன்னத்தில் அதிர்ந்தது. தெருக்கோடியில் டமாரென்று ஒரு சத்தம் கேட்டது. குலவை நின்றது.

"கேட்டீராவே? வேட்டே போட்டுட்டானுவ" என்று சிரித்துக்கொண்டே கொம்பையா சாவியை இன்னொரு சுற்றுச் சுற்றினான்.